சார்ஜர் சரியாகிட்டு, மகன்

கல்முனைக்குடி

அன்பு மகன் றினாஸுக்கு வாப்பா எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால நானும் தங்கச்சி முஸ்பிறாவும் சுகமா இரிக்கம், கட்டாரில நீயும் சுகமா இரிக்க துஆ கேக்கன். போனில சொல்ல வாய் வருகுதில்ல, உன்ட கூட்டாளி பஸால் லீவு முடிஞ்சு அங்க வாறான் எண்டதால அவன்ட கையில இதைக் குடுத்து விடுறன்.

உம்மாவ மட்டக்களப்புக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக நீ வாங்கித் தந்த கறண்ட் காருக்குப் பூட்டின சார்ஜர் சிவப்பு லைட் காட்டுது எண்டு சொன்னன் தானே, அதுக்குப் பொறகு நீ எடுக்கிற ஒவ்வொரு போனிலயும் அதைத்தான் கேட்டாய். பிரேக்கரை நிப்பாட்டிப் போடச் சொன்னாய், வயரைக் கழட்டிப் பூட்டச் சொன்னாய், எல்லாம் செஞ்சு பாத்தன், சிவப்புத்தான். வித்தவனுக்கே திருப்பிக் குடுங்க எண்டு ஏசினாய். கடைசியில பாண்டிருப்பு எலக்ரீசியன் கிசோக்கைக் கூப்பிட்டன். அவர் மீட்டர் வச்சுப் பாத்துட்டு பெட்டியில பழுதில்ல, ஏர்த் தான் சரியில்ல எண்டார். சுவரோரம் மண்ணுக்குள்ள அடிச்ச ஏர்த் கம்பியச் சுத்தி மணல் மாவாட்டம் காஞ்சு கிடக்காம், ஈரமில்லாட்டி கறண்ட் மண்ணுக்குள்ள இறங்காதாம், அதால சார்ஜர் தன்னைத்தானே நிப்பாட்டுதாம். போன வருசமும் கச்சான் காத்து அடிச்சு மண் காஞ்சதுதானே, அப்ப எப்பிடி வேலை செஞ்சது எண்டு யோசிச்சிட்டு, முந்தி இதில ஆராச்சும் தண்ணி ஊத்தி வந்தவங்களா காக்கா எண்டு கேட்டார். முஸ்பிறாதான் சொன்னாள், அது உம்மா தொழ முந்திக் கை கால் கழுவி ஒளு எடுக்கிற இடம் எண்டு.

ஓம் மகன், பாத்ரூம் வழுக்குது எண்டு ஒரு முக்காலியப் போட்டு அஞ்சு நேரமும் அதிலதான். உம்மா மௌத்தாகிப் போன நாளையில இருந்து அதில ஒரு சொட்டுத் தண்ணி விழல்ல. எனக்கு அங்கின நிக்க ஏலாமப் போச்சு, கடைக்குப் போறன் எண்டுட்டு கடற்கரையில போய் இருந்தன். திரும்பி வரக்குள்ள கிசோக் ஈரமணல் தட்டுப்படுமட்டும் நீளக் கம்பி ஒண்டை இறக்கி முடிச்சிருந்தார். இப்ப பச்சை லைட் எரியுது, காருக்கு நல்லாச் சார்ஜ் ஏறுது. போறத்துக்குத்தான் இடமில்ல.

இனி நீ போனில கேக்கிறத்துக்குச் சார்ஜர் இல்ல. ஜனாஸாவுக்கு வந்து சேரக் கிடைக்கல்ல எண்டு நீ உம்மாட பேரையே வாயில எடுக்கல்ல. உன்னில குத்தமில்ல மகன், நீ வருமட்டும் மையத்தை வச்சிருக்க ஏலாது, நான்தான் அடக்கச் சொன்னன். கடைசியாக் கிளினிக்கால வரக்குள்ள காரில உம்மா உன்னைப் பத்தி எவ்வளவோ கதைச்சா. முஸ்பிறா அழுவாள் எண்டு அவளிட்டயும் சொல்லாம வச்சிருக்கன்.

நேரத்துக்குச் சாப்பிடு, சுபஹுத் தொழுகைய விடாத. அல்லாஹ் உன்ட ஹயாத்தில பறக்கத் செய்யட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய போனுக்குப் பக்கத்திலயே இருப்பன், உம்மாவப் பத்திக் கேளு மகன், நீ கேட்டாத்தான் எனக்கும் வாய் வரும்.

உன்ட வாப்பா
காலிதீன்