நிறுத்தியும் நிற்காத பிளேடு

பாயான் பாரு, பினாங்கு
நவம்பர் 9

அன்பு மகள் ஷர்மினிக்கு அம்மா எழுதுவது. முருகன் தயவில் நானும் அப்பாவும் நல்லபடி இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய், போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவர் எதிரே வாயில் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. இங்கே ஓயாத மழை, துணி காய மூன்று நாள் ஆகிறது. பக்கத்து வீட்டு ஹனா உன் பழைய சைக்கிளைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

அப்பாவும் பழனியப்பன் மாமாவும் பத்து காவான் ஊரில் தொழிற்சாலைத் திடல்களுக்குப் புல் வெட்டப் போகிறார்களே, உட்கார்ந்து ஓட்டுகிற அந்தச் சின்ன டிராக்டரால் வந்தது எல்லாம். போன மாதம் ஈரப்புல் அடைத்துக்கொண்டது என்று மாமா பிளேடு சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கிக் கையை விட்டிருக்கிறார், பிளேடு நிற்காமல் சுற்றிக் கையுறையைக் கிழித்துவிட்டது. இன்ஜினையும் நிறுத்தாமல் கை விட்டது தப்புதான், ஆனால் இரண்டு பேரும் எப்போதும் அப்படித்தான் செய்வார்கள். தூரத்தில் நின்ற அப்பா ஓடி வந்து, சுவிட்சை அணைக்கக்கூடத் தெரியாதா, கண்ணு எங்க இருக்குன்னு காவலாளிகள் முன்னால் கத்தியிருக்கிறார். நான் ஆஃப் பண்ணிட்டேன்லா அண்ணே என்று மாமா இரண்டு தடவை சொல்லியும் கேட்கவில்லை. கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போனவர்தான், அப்புறம் வேலைக்கு வரவில்லை. இருபது வருஷப் பழக்கம், அப்பா தனியாகத்தான் போய் வந்தார்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கே இரண்டு தடவை பிளேடு நிற்கவில்லை. போன ஞாயிறு கார் நிறுத்துமிடத்தில் வண்டியை ஏற்றி வைத்து, இன்ஜினுக்கு அடியில் பிளேடைச் சுற்றவிடுகிற கிளட்சைக் கழற்றினார், நான் டார்ச் பிடித்தேன். சுவிட்சைப் போட்டால் காந்தம் தட்டை இழுத்துப் பிளேடு சுற்றுமாம், அணைத்தால் தட்டு விலகிப் பிரேக்கில் ஒட்டிக்கொண்டு நிற்குமாம், விலக விடாமல் உள்ளே ஏதோ உருகிச் சுற்றிக்கொண்டிருந்தது. கத்தியால் சுரண்டி எடுத்துக் காட்டினார், கறுப்பு நைலான் கயிறு. திடலில் கிடந்த குப்பையாக இருக்கும் என்றார். ஷர்மி, அது நான் கட்டியது. ஆயுத பூஜை அன்று சுற்றுகிற சாமான் பக்கத்தில் எதையும் தொங்கவிடாதே, சந்தனப் பொட்டு போதும் என்று அப்பா சொன்னார், சரி என்று தலையாட்டிவிட்டு அவர் குளிக்கப் போனதும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் அந்தக் கயிற்றில் கோத்து இன்ஜினுக்கு அடியில் கட்டிவிட்டேன். திருஷ்டி படக்கூடாது என்ற பயம்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அவர் பாட்டுக்குப் பிரேக்கைத் தேய்த்துத் துடைத்து, மூன்று நட்டிலும் ஒரே இடைவெளி வர மெல்லிய தகட்டை விட்டுப் பார்த்துப் பார்த்து இறுக்கினார். இப்போது சுவிட்சை அணைத்தால் ஐந்து எண்ணுவதற்குள் நின்றுவிடுகிறது. நான் டார்ச்சை அணைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

நேற்று மனசு கேட்காமல் பஸ் பிடித்து பழனியப்பன் மாமா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த கையில் கட்டு. கையுறை மட்டும் கிழியவில்லை, மோதிர விரலின் நுனியே போய்விட்டது, தெரிந்தால் அண்ணன் தாங்க மாட்டார் என்று மறைத்திருக்கிறார். அத்தனை பேச்சு கேட்டுவிட்டு வந்தவர். கயிற்றைப் பற்றி அழுதுகொண்டே சொன்னேன். அவர் பதறிப்போய், அழாதீங்க அக்கா, நீங்க கட்டினதாலதான் விரலோட போச்சி, இல்லன்னா கையே போயிருக்கும்லா என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நம்புகிறார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சோறு இறங்கியிருக்கும்.

இதுவரை காலையில் எழுதியது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரலா என்று மட்டும் கேட்டார். அப்புறம், நீ பயத்துல கட்டினே லெட்சுமி, நான் எதுல அவன அப்படிப் பேசினேன் என்றார். இப்போது சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் காரை எடுத்துவிட்டார், மாமா வீட்டுக்குத் தனியாகப் போகக் கால் வரவில்லை நீயும் வா என்கிறார், வாசலில் ஹாரன் அடிக்கிறது.

நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். மறக்காமல் பழனியப்பன் மாமாவுக்குப் போன் போடு, புண் எப்படி ஆறுகிறது என்று கேள், எங்களிடம் மறைப்பார், நர்ஸ் நீ கேட்டால் சொல்லுவார்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ஜெயலெட்சுமி சுகுமாரன்