வண்டியிலிருந்து வந்த விடை

ஆம்பூர்
9-7-1934

மரியாதைக்குரிய ஹலீமா பீ அம்மாள் அவர்களுக்கு, பெண்கள் பாடசாலைத் தலைமை ஆசிரியை ஜெயம்மாள் எழுதிக்கொண்டது.

தங்கள் மகள் ஷஹீன் பானு மூன்றாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். தங்கள் ஜட்காவில் அதே வகுப்பில் படிக்கும் தெருப் பெண்கள் ஏழு பேரையும் சேர்த்து ஏற்றி வருகிறீர்கள். அந்த உதவியை நாங்கள் மறக்கவில்லை.

ஆனால் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு வண்டி வீடு திரும்புவதில்லை. திரை போட்டபடி மூன்றாம் வகுப்பு ஜன்னலடியில் நிற்கிறது. உள்ளே தாங்கள் இருக்கிறீர்கள். நிற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை சுந்தரி டீச்சர் ஒரு கணக்குப் போட்டார். நானூற்று முப்பத்திரண்டு மூட்டை ஆவாரம் பட்டையைப் பன்னிரண்டு வண்டிகளில் சமமாக ஏற்றினால் வண்டிக்கு எத்தனை மூட்டை என்று கேட்டார். வகுப்பு யோசிப்பதற்குள் ஜட்காவிலிருந்து "முப்பத்தெட்டு" என்று குரல் வந்தது. விடை முப்பத்தாறு. பிள்ளைகளின் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும்.

தங்கள்
ஜெயம்மாள்

&nbsp;

ஆம்பூர்
10-7-1934

ஜெயம்மாள் டீச்சரம்மாவுக்கு ஹலீமா பீ சலாம் சொல்லி எழுதுவது. இங்கு அல்லாஹ்வின் கிருபையால் சுகம்.

என் வீட்டுக்காரர் அப்துல் ஹமீத் மதராஸில் தோல் மண்டியில் இருக்கிறார். மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். பெண் என்ன படிக்கிறாள், அடிபடுகிறாளா என்று பார்க்க என்னை விட்டால் ஆளில்லை. உள்ளே வரலாமென்றால் வாசலில் உங்கள் குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார். ஆண்கள் முன்னால் வராமல் கோஷாவில் இருக்கிறவள் வேறு எப்படிப் பார்ப்பது?

அன்று என் நாக்கு முந்திக்கொண்டது. இனி வாயைத் திறக்க மாட்டேன். ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். சுந்தரி டீச்சர் பலகையில் எழுதுவதை மிகச் சீக்கிரம் அழித்துவிடுகிறார். பார்த்து எழுத நேரம் போதவில்லை. பிள்ளைகளுக்குத்தான் சொல்கிறேன்.

ஹலீமா பீ

&nbsp;

ஆம்பூர்
18-7-1934

ஹலீமா பீ அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் வாக்கு இரண்டு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை வண்டியிலிருந்து இரண்டு விடைகள். நேற்று மூன்று. அது போதாதென்று, "டீச்சர், அதை இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்று ஒரு விண்ணப்பம். சுந்தரிக்கு இருபது வயது, இதுதான் முதல் வேலை. என் அறைக்கு வந்து அழுதுவிட்டாள்.

பாடம் நடத்துவது எங்கள் வேலை. நாளை முதல் வண்டி பிள்ளைகளை இறக்கிவிட்டு உடனே போய்விட வேண்டும். இதில் மாற்றமில்லை.

ஜெயம்மாள்

&nbsp;

ஆம்பூர்
23-7-1934

டீச்சரம்மாவுக்குச் சலாம்.

வண்டி நிற்கக் கூடாதென்றால் வண்டி வராது. நான் கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். கோபம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. மற்ற ஏழு பேரின் தாய்மாரிடமும் சொல்லிவிட்டேன். "நீ கூட இருக்கேன்னுதான் அனுப்பிச்சோம். நீ இல்லாம இன்னாத்துக்கு?" என்று அவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

ஷஹீன் பானு மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. ஸ்லேட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். இதையும் உங்களுக்கு எழுதுவானேன் என்று தோன்றியது. எழுதிவிட்டேன்.

ஹலீமா பீ

&nbsp;

ஆம்பூர்
30-7-1934

அன்புள்ள ஹலீமா பீ அம்மாளுக்கு,

மூன்றாம் வகுப்பில் பதினான்கு பேர் இருந்தார்கள். இப்போது ஆறு பேர். அடுத்த மாதம் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வருகிறார். ஆறு பேருக்கு ஒரு வகுப்பா என்று அவர் மூடச் சொன்னால் என்னால் தடுக்க முடியாது. இதை மறைத்துவிட்டுச் சமாதானம் பேச எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. சுந்தரி நேற்று ஒரு விஷயம் சொன்னாள். வண்டியிலிருந்து முதலில் வந்த விடைகள் எல்லாம் தவறாம். கடைசி நாள் வந்த மூன்றும் சரியாம், அதுவும் வகுப்பில் எவரையும்விட வேகமாக. மகளுக்குக் காவல் இருக்க வருகிறவருக்கு வகுத்தல் கணக்கு எதற்கு? நான் யோசிக்காமல் கடிந்துகொண்டேன். மன்னிக்க வேண்டும்.

வண்டி நிற்கட்டும். சுந்தரி பெரிய எழுத்தாக எழுதுவாள், மெதுவாக அழிப்பாள். பிள்ளைகள் சொன்ன பிறகே தாங்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தாங்கள் எந்த வகுப்போடு நின்றீர்கள் என்று கேட்டால் வருத்தப்பட மாட்டீர்களே?

அன்புடன்
ஜெயம்மாள்

&nbsp;

ஆம்பூர்
27-8-1934

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு ஹலீமா பீயின் சலாமும் துவாவும்.

கடிதம் கண்டதும் வண்டியில் வந்துவிட்டேன், நீங்கள் கேட்டதற்குத்தான் இத்தனை நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றேன். அப்போது எனக்கு எட்டு வயது. தமிழை அண்ணன் வாங்கும் பத்திரிகைகளைப் படித்துப் படித்து வளர்த்துக்கொண்டேன். கணக்கைச் சொல்லித்தர ஆளில்லை.

புதன்கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் முன்னால் நடந்தது உங்களுக்குத் தெரியும். திரைக்குள் நடந்தது தெரியாது. அந்த அம்மாள் ஷஹீனை எழுப்பிக் கணக்குக் கேட்டதும் நான் திரையோரம் நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் ஸ்லேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையைப் பல்லால் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை. விடையைச் சொல்லிவிட்டேன். அவள் ஜன்னலுக்கே வந்துவிட்டாள். "அம்மா, சும்மா இருங்க. எனக்குத் தெரியும், யோசிக்க உடுங்க" என்றாள். போய் நின்று, கணக்கைப் போட்டு, சரியான விடை சொன்னாள். நான் சொன்னது தப்பு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பொண்ணு ஜெயிச்சிட்டா, நீங்க இன்னாத்துக்கு அழறீங்க?" என்று வண்டிக்கார ஹயாத் பாஷா முன்னாலிருந்தே கேட்டார். அவமானமா, சந்தோஷமா என்று எனக்கே பிடிபடவில்லை. வண்டியை வீட்டுக்கு விடச் சொன்னேன்.

மறுநாள் முதல் வண்டி மட்டும் வருகிறது, நான் வருவதில்லை. உங்கள் மேல் கோபமில்லை, அவள் மேலும் இல்லை. எட்டுப் பெண்களும் தவறாமல் வருவார்கள், அந்தத் தாய்மாருக்கு நான் பொறுப்பு.

ஆனால் இரண்டாம் நாளே சாயங்காலம் அவள் ஸ்லேட்டை என் முன்னால் வைத்தாள். "இன்னிக்கு நடந்த பாடம். கை கட்டிக்கிட்டு உக்காருங்க" என்றாள். இப்போது பின்னம் நடக்கிறதாமே. கால், அரை, முக்கால் எனக்குத் தெரியும். அதை ஒரு கோடு போட்டு மேலும் கீழுமாக எழுதுவதுதான் புரியவில்லை. இரண்டு தரம் கேட்டேன். "எத்தனை வாட்டி சொல்றது?" என்று எரிந்து விழுகிறாள். பேஜாராகிவிட்டது.

ஆகவே ஒரு வேண்டுகோள். படித்துக்கொள்கிறவள் தவறு செய்தால் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும் என்று எங்கள் வீட்டு டீச்சரிடம் நீங்கள் ஒரு வார்த்தை கண்டித்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்
ஹலீமா பீ