பன்னிரண்டு சென்டிமீட்டர்

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை வண்டியைச் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்துபோன பிரேக் ஷூவை ஒரு செய்தித்தாள் துண்டில் வைத்து என் கையில் கொடுத்தார். இதை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டினீர்கள் என்று கடிந்துகொண்டார். அதிலிருந்து கருகின வாடை அடித்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கடையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். புது ஷூ மாட்டி முடிக்கும்வரை மனதுக்குள் உங்களோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் பேச்சு முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இருபது வருடம் ஒரே பள்ளியில் இருந்தோம். நான் இயற்பியல், நீங்கள் உடற்கல்வி. இருவருக்கும் தருமபுரியில் வீடு, இண்டூர் தாண்டிப் பள்ளி. காலை எட்டு மணிக்கு எங்கள் தெருமுனையில் உங்கள் ஸ்கூட்டர் வந்து நிற்கும். மாதா படம் போட்ட சாவிக்கொத்து ஆடிக்கொண்டிருக்கும். நான் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்துகொள்வேன். இத்தனை வருடத்தில் நாம் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஒருமுறை முயன்று பார்த்தோம். இருவருக்கும் சிரிப்பு வந்து, திரும்பவும் டீச்சருக்கே வந்துவிட்டோம்.

நிற்கும் தூரம் என்ற பாடத்தை நான் கரும்பலகையில் நடத்தியதைவிட உங்கள் மைதானத்தில் நடத்தியதுதான் அதிகம். பிள்ளைகளை முழுவேகத்தில் ஓடவிட்டு நீங்கள் விசில் ஊதுவீர்கள். விசில் கேட்ட இடத்திலேயே நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒருத்தியாலும் முடியாது. காது கேட்ட பிறகும் கால் அதே வேகத்தில் ஓர் எட்டு, இரண்டு எட்டு போகும். அதன் பிறகுதான் வேகம் குறையத் தொடங்கும். விசில் ஊதிய இடம், வேகம் குறையத் தொடங்கிய இடம், நின்ற இடம் மூன்றிலும் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவோம். முதல் இடைவெளி மூளைக்கும் காலுக்கும் நடுவே நடப்பது, இரண்டாவது காலுக்கும் தரைக்கும் நடுவே நடப்பது என்று நான் சொல்லுவேன். மெதுவாக ஓடவிட்டு ஒருமுறை, இரண்டு மடங்கு வேகத்தில் ஒருமுறை அளப்போம். வேகம் இரண்டு மடங்கானால் முதல் இடைவெளி இரண்டு மடங்காகும், இரண்டாவது மட்டும் மூன்று நான்கு மடங்காக நீளும். பிள்ளைகள் தங்கள் காலையே நம்ப முடியாமல் பார்ப்பார்கள்.

அந்தப் பாடத்தைச் சாலையில் கடைப்பிடித்தவர் நீங்கள். முன்னால் போகும் பேருந்துக்குப் பின்னால் அவ்வளவு இடம் விட்டு ஓட்டுவீர்கள். அந்த இடத்தில் யாராவது ஒரு பைக்குக்காரர் புகுந்துவிடுவார். எனக்குக் கோபம் வரும். நீங்களோ, "பூந்தா பூந்துட்டுப் போறாரு, நாம இன்னொரு எடம் விட்டுக்கலாம்" என்று வேகத்தைக் குறைப்பீர்கள்.

வருடத்துக்கு ஒருமுறை என் வகுப்புக்கும் வருவீர்கள். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலின் மேல்முனையை நான் பிடித்துக்கொள்வேன். கீழே, பூஜ்யத்துக்கு நேராக, உங்கள் இரண்டு விரல்களும் தொடாமல் காத்திருக்கும். சொல்லாமல் விட்டுவிடுவேன். பிள்ளைகள் பதினெட்டில், இருபதில் பிடிப்பார்கள். நீங்கள் பன்னிரண்டில் பிடிப்பீர்கள். ஒரு நொடியைப் பத்துக் கூறாக்கினால் அதில் ஒன்றரைக் கூறுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் நேரம். கல்லூரி நாளில் நூறு மீட்டர் ஓடிய கை என்று நீங்கள் பெருமையடித்துக்கொள்வீர்கள். ஓடியது கால்தானே டீச்சர் என்று ஒருத்தி கேட்க, அவளை மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றவிட்டீர்கள்.

பின்னால் உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் ஏதாவது குறுக்கே வந்தால், பிரேக்கே இல்லாத இடத்தில் நம் கால் தானாக அழுத்தும். பல வருடம் என் காலும் உங்கள் கையும் ஒரே நேரத்தில்தான் அழுத்தின. பத்து வருடத்துக்கு முன்னால், ஒரு தீபாவளிக்குப் பிறகு என் கால் முந்திக்கொண்டது. கால் அழுத்தும். அழுத்திய பிறகு ஒரு சின்னக் காத்திருப்பு. அப்புறம்தான் வண்டி வேகம் குறையும். எனக்குத்தான் வயதாகிப் பயம் கூடிவிட்டது என்று முதலில் நினைத்தேன். ஆனால் விளையாட்டுப் பதிவேட்டில் உங்கள் எழுத்தும் எறும்பு மாதிரி சிறுத்துக்கொண்டே வந்தது. மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் பதினோரு மீட்டர் போய்விடும். அரை நொடி தாமதித்தால் ஐந்தரை மீட்டர், ஒரு ஜீப்பின் நீளத்தைவிட அதிகம். வருடா வருடம் பிள்ளைகளைப் போடவைத்த கணக்கு அது. எனக்கு அது தெரியாது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அந்த வண்டி உங்களுக்கு என்ன என்பதும் எனக்குத் தெரியும். சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. மாலையானால் அதில்தான் படுக்கையில் இருந்த அம்மாவுக்கு மருந்து வாங்கப் போவீர்கள். அதனால் சொல்ல வாய் வரவில்லை. நாளை சொல்லலாம் என்று தை மாதம்வரை தள்ளிவிட்டேன்.

தையில் நம் பக்கம் தார்ச்சாலையே களம் ஆகிவிடும். கொள்ளுச் செடியைப் பரப்பி வைப்பார்கள், போகிற வருகிற வண்டிச் சக்கரமே அதை அடித்துக் கொடுத்துவிடும். அன்று இண்டூருக்கு இந்தப் பக்கம் ஓர் அக்கா குனிந்து செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் நடுச்சாலைக்கு நகர்ந்ததை நாம் இருவரும் பார்த்தோம். என் கால் அழுத்தியது. வண்டி அப்படியே போனது. பிரேக் பிடித்தபோது செடிமேல் ஏறிவிட்டோம், சக்கரம் வழுக்கியது. அந்த அக்கா கையிலிருந்த கவைக்கோலைப் போட்டுவிட்டு ஓரமாகத் தாவினார். நாம் சாய்ந்து விழுந்தோம். யாருக்கும் பெரிய அடி இல்லை.

"கொள்ளு வழுக்கிருச்சுங்க டீச்சர்" என்றீர்கள். நானும், "ஆமாங்க, கொள்ளுதான்" என்றேன்.

செடிமேல் தரையின் பிடிப்புக் குறையும், உண்மைதான். ஆனால் செடி தொடங்குவதற்கு முன்னால் நல்ல தார் நிறைய இருந்தது. அங்கேயே வேகம் குறைந்திருக்க வேண்டும். இது அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும். பரப்பியிருந்த கொள்ளின்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சேலையைத் தட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

அடுத்த வாரம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. உங்களைக் கூப்பிடாமலே முடித்துவிட நினைத்தேன். நீங்களாகவே வந்து வாசலில் நின்று, இந்த வருடம் நான் வேண்டாமா என்று கேட்டீர்கள். ஸ்கேலைப் பிடித்தேன். விட்டேன். அது உங்கள் விரல்களுக்கு நடுவே முழுதாக இறங்கித் தரையில் விழுந்தது. நீங்கள் விளையாடுகிறீர்கள் என்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துக் கும்பிடு போட்டீர்கள். இரண்டாவது முறை பிடித்தீர்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எல்லா வருடமும் எழுதுவதுபோலப் பன்னிரண்டு என்று எழுதினேன்.

மாலை திரும்பும்போது நீங்கள் வழியில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தீர்கள்.

"ரெண்டாவது தடவ எத்தினிங்க டீச்சர்?"

"இருபத்தெட்டு."

"சைபர் பாயின்ட் ஒண்ணு தப்புன்னாலே புள்ளைங்கள மறுபடியும் செய்யச் சொல்றவங்க நீங்க. நீங்களே போர்டுல பொய் எழுதுனா, விஷயம் பெருசுதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். என் கால், உங்கள் கையெழுத்து, கொள்ளு. நீங்கள் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை.

"எம் மனசு நோவும்னு பாத்தீங்க. அந்தக்கா ஓர் எட்டு இந்தப் பக்கம் இருந்திருந்தா?"



சாவியை என் கையில் வைத்து, இனி நீங்கள் ஓட்டுங்கள் என்றீர்கள். எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது என்று நினைவுபடுத்தினேன். அப்போதுதான் சிரித்தீர்கள், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. இண்டூர்வரை ஆளுக்குக் கொஞ்சதூரம் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். எதிரே வந்தவர்கள் பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றோம். இந்த விஷயத்தில் நாம் சொன்ன கடைசிப் பொய் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னைப் பேருந்தில் அழைத்துக்கொண்டு போய் அந்த அக்காவைத் தேடிப் பிடித்தீர்கள். அன்று கொள்ளு வழுக்கவில்லை, என் கைதான் தாமதம் என்றீர்கள். அவர் நம்மை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதச் சொல்லவா பஸ் ஏறி வந்தீங்க?" என்று கேட்டு, ஒரு படி கொள்ளை உங்கள் பையில் கொட்டினார்.

சேலத்து நரம்பு டாக்டர், இது நடுக்குவாதம், கை நடுங்குவதற்கு முன்பே இப்படி வேகம் குறைவது உண்டு என்றார். நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டீர்கள். மறுவாரமே ஐம்பத்தொரு வயதில் என்னை மைதானத்தில் வண்டி ஏற்றினீர்கள். விசில் ஊதினால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிள்ளைகள் முன்னாலேயே திட்டுவீர்கள். மூன்று மாதத்தில் சாலைக்கு வந்துவிட்டேன். அதன்பிறகு ஆறு வருடம் நீங்கள் என் பின்னால் இருந்தீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் நடை குறுகியது, பேச்சு மெலிந்தது. கை மட்டும் என் தோளை விடவில்லை. நான் தாமதமாகப் பிரேக் பிடித்தால் அந்த விரல்கள் இறுகும். அன்றைக்கே, அந்த இடத்திலேயே, "லேட்டுங்க டீச்சர்" என்று காதருகே சொல்லுவீர்கள். நான் மூன்று மாதம் மறைத்ததை நீங்கள் மூன்று நொடியில் சொன்னீர்கள். எனக்கு ஒருநாளும் அது வலித்ததில்லை.

நீங்கள் போய் நான்கு வருடம் ஆகிறது. எனக்கு அறுபத்தொன்று முடிந்துவிட்டது. தனியாக ஓட்டுகிறேன். இடம்விட்டு ஓட்டுகிறேன், யார் புகுந்தாலும் இன்னோர் இடம் விட்டுக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. என் கை எப்போது மெதுவாகும் என்பதை என் கையைக் கொண்டே நான் அறிய முடியாது. மாடியில் குடியிருக்கும் வங்கிக்காரப் பெண்ணைச் சில காலைகளில் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுகிறேன். என் பிரேக் தாமதமாகத் தோன்றினால் உடனே சொல்லிவிடு, யோசிக்காதே என்று கேட்டுக்கொண்டேன். சொல்றேங்க ஆன்ட்டி என்றாள். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நேற்றுப் பழைய ஸ்கேலை எடுத்து, இடக்கையால் விட்டு வலக்கையால் பிடித்துப் பார்த்தேன். ஐந்து, ஆறு, ஐந்து என்று வந்தது. உங்களைவிட வேகம். விடப்போவது பிடிக்கும் கைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அந்த எண்களை நான் எங்கும் எழுதவில்லை. ஸ்கேலைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, உங்கள் கை இருந்த தோளை வெறுமனே தொட்டுப் பார்த்தேன்.

உங்கள்
டீச்சர்