கரும்புப் படம் ஒட்டிய போத்தல்

அனுப்புநர்:
திருமதி ராஜம்மா,
நில அளவை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து காலமான திரு. சதாசிவம் அவர்களின் மனைவி,
சந்தைப் பின்தெரு, தங்காக், ஜொகூர்.

பெறுநர்:
சுகாதார அதிகாரி அவர்கள்,
முவார் வட்டாரம், ஜொகூர்.

பொருள்: சீனிக்குப் பதிலாகச் சாக்கரின் கலந்து, அதை மறைத்து விற்கப்படும் ஆரஞ்சு சோடா பற்றியும், என் மகனின் மரண அறிக்கையில் என் மருமகள்மீது எழுதப்பட்ட பிழையான வரி பற்றியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மலாக்காவில் கான்வென்டில் படித்தவள். இம்மனுவை ஆங்கிலத்திலும் எழுத என்னால் முடியும். ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு வரியையும் என் மருமகள் செல்லம் தானே படித்து, உண்மை என்று கையொப்பமிட வேண்டும். அவளுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். தங்கள் அலுவலக மொழிபெயர்ப்பாளர் எதையும் சுருக்காமல் தங்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டுகிறேன்.

2. என் ஒரே மகன் ராஜசேகரன் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தான். அவனுக்கு நீரிழிவு. மருத்துவர் சொன்னபடி நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டான். காலைக் காப்பியில் சீனிக்குப் பதில் சாக்கரின் வில்லை போட்டுக் குடிப்பான். அந்த வில்லைமீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. இன்னதென்று அதன் சீசாவில் எழுதியிருந்தது; அறிந்துதான் வாங்கினோம். இனிப்பை விட்டுவிட்டவன் மறுபடியும் ஆசையாகக் காப்பி குடித்தது அதனால்தான்.

3. மருத்துவர் ஓர் எச்சரிக்கையும் செய்திருந்தார். ஊசி போட்ட பிறகு சாப்பாடு தாமதமானால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறும். உடனே சீனி உள்ளே போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். அவன் கண்ணில் பட்டால் கை போகும் என்று சீனி டின்னை நான் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. அவசரத்துக்கென்று மூடி திறக்காத ஆரஞ்சு சோடா அலமாரியில் எப்போதும் இருக்கும். சீனி போட்ட பானம் எதுவானாலும் போதும் என்று மருத்துவர் சொன்னதை வைத்துச் செய்த ஏற்பாடு அது. ஏற்பாடு என்னுடையது, மருமகளுடையது அன்று. போத்தலில் கரும்புப் படம் ஒட்டியிருந்தது.

4. சென்ற ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, பள்ளியில் தாமதமாகி, வெயில் ஏறிய பிறகு வீடு திரும்பினான். சட்டை முழுதும் நனைந்திருந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்க்கத் தெரியாமல் கீழே போட்டான். செல்லம் ஒரு கணமும் வீணாக்கவில்லை. அவன் தலையை மடியில் தாங்கிப் போத்தலைத் திறந்து ஊட்டினாள். அவசரத்தில் கொஞ்சம் சட்டையிலும் தரையிலும் சிந்தியது. நான் அருகில் நின்றேன். "இனிக்குதாங்க?" என்று கேட்டாள். "இனிக்குது, இனிக்குது. சட்டைக்கும் ஊட்டுறியா?" என்று சிரித்தான். அவன் கடைசியாகப் பேசியது அதுதான். இனிக்கிறது என்று அவன் சொன்னதால் நாங்கள் இருவரும் தைரியம் அடைந்தோம். போத்தலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைச் சுவைத்துப் பார்த்தேன். இனித்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்று அவன் தெளிவதற்காகக் காத்திருந்தோம். பக்கத்து வீட்டில் சீனி இருந்தது, ஐயா. போய்க் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

5. மருந்தகத்தில் மருத்துவ உதவியாளராக இருக்கும் டிரசர் வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை. அடுக்களையில் சீனி இல்லாததைக் கண்டு, "மனைவி உரிய நேரத்தில் சர்க்கரை கொடுக்கத் தவறியதால்" என்று அறிக்கையில் எழுதினார். வெறும் போத்தலை எடுத்துக் காட்டினேன். "அதக் குடிச்சிருந்தா இந்நேரம் எழுந்து உக்காந்திருப்பாரேம்மா" என்றார். சீனி போட்ட சோடாவாக இருந்திருந்தால் அவர் சொன்னது சரிதான்.

6. சோடா சிந்திய தரையை அன்று யாரும் துடைக்கவில்லை. மறுநாள் நான் துடைக்கப் போனபோது அங்கே பிசுபிசுப்பு இல்லை, எறும்பும் இல்லை. எங்கள் வீட்டில் தட்டை வைத்துத் திரும்புவதற்குள் எறும்பு வந்துவிடும். என் மகனுடைய காப்பிக் கோப்பையை மட்டும் அது ஒரு நாளும் அண்டியதில்லை. எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. ஆயினும் சந்தேகத்தை வைத்து யார்மீதும் குற்றம் சொல்வது என் வழக்கம் அன்று. மீதமிருந்த போத்தல்களில் ஒன்றைத் திறந்து ஒரு தட்டிலும், பக்கத்து வீட்டில் வாங்கிய சீனியைக் கரைத்த தண்ணீரை மற்றொரு தட்டிலும் ஊற்றி வைத்தேன். சீனித் தட்டின் விளிம்பு கறுத்துப் போயிற்று. சோடாத் தட்டுக்கு ஓர் எறும்பு வந்தது. சுற்றிவிட்டுத் திரும்பிப் போயிற்று.

7. அதை விற்ற கடைக்காரர் ருக்னுதீன் நேர்மையானவர். "நான் மூடியப் பிரிச்சா பாக்குறேன் பெரியம்மா? வண்டில எறக்குறாங்க, விக்கிறேன்" என்று கண் கலங்கினார். மீதிச் சரக்கை அன்றே திருப்பி அனுப்பிவிட்டார். சோடா ஆலை முதலாளி மூர்த்தி சாக்கரின் சேர்ப்பதை மறுக்கவே இல்லை. "இனிக்குதா இல்லையா? அதுக்குத்தானே வாங்குறீங்க? படத்துக்கெல்லாம் கேசு போட்டா ஊர்ல எந்தக் கடை நிக்கும்?" என்று வேலையாட்கள் முன்னிலையில் கேட்டுச் சிரித்தார். இது சட்டப்படி குற்றமா என்று நான் அறியேன். சாக்கரின் விஷம் என்றும் நான் கூறவில்லை. அது நாவுக்கு இனிக்கும். உடம்புக்கு ஒன்றும் கொடுக்காது. சீனியை நம்பி உயிர் பிழைக்க வேண்டியவனுக்கு அந்த ஒன்றுமில்லாததே போதுமானதாயிற்று.

8. அந்த அறிக்கையின் வரி இப்போது ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. "ஒரு வாய் சீனித்தண்ணி குடுக்கத் தெரியாதவ" என்று குழாயடியில் செல்லத்தின் காதுபடப் பேசுகிறார்கள். அவளுடைய அண்ணனும் அந்தத் தாளையே நம்பி, தன் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். அவளிடம் எனக்குக் குறைகள் உண்டு. அவை இம்மனுவுக்கு உரியவை அல்ல. கணவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பது அவற்றுள் ஒன்றன்று. அவள் இன்னும் சமையலுக்கு நடுவே என்னிடம் வந்து, "நான் குடுத்தேன்ல அத்தை? நீங்க பாத்தீங்கல்ல?" என்று கேட்கிறாள். பார்த்தேன் என்கிறேன். என் சொல் அவளுக்குப் போதவில்லை. அரசாங்கத்தின் சொல் வேண்டும்.

9. ஆகவே, சாக்கரின் கலந்த பானம் ஒவ்வொன்றிலும் அதை மக்களுக்குப் படிக்கத் தெரிந்த மொழிகளிலெல்லாம் எழுதச் செய்யவும், சீனி இல்லாத போத்தலிலிருந்து கரும்புப் படத்தை அகற்றவும், என் மகனின் அறிக்கையில் அந்த ஒரு வரியை அடித்துத் திருத்தவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்றையும் ஒருசேரச் செய்ய இயலாதெனில், மூன்றாவதை முதலில் செய்யுங்கள்.

மூடி திறக்காத கடைசிப் போத்தலை இத்துடன் அனுப்புகிறேன். தயவுசெய்து சோதனைச் சாலைக்கு அனுப்புங்கள். சுவைத்துப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள், ஐயா. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இடம்: தங்காக்
நாள்: 20 ஆகஸ்டு 1934

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ராஜம்மா சதாசிவம்

முழுதும் படித்தேன். எல்லாம் உண்மை. நான் கொடுத்தேன்.
செல்லம் ராஜசேகரன்