கோட்டுக்குள் நிற்கும் டேப்

மார்ச் 3, செவ்வாய்

அழுகல் தக்காளிக்காகக் கடைக்காரரிடம் சண்டை. "மேல நல்லதா அடுக்கிட்டு அடியில—" அவ்வளவுதான், டேப் அணைந்துவிட்டது. அந்த மனுஷன் சிரிக்கிறார்! எனக்குத் திட்டக்கூட சார்ஜ் வேண்டியிருக்கிறது.

தொண்டை ஆபரேஷனில் குரல் போன பிறகு இந்த டேப்லெட்தான் என் வாய். நான் தட்டுவதை அது வாசிக்கும், செய்தி படிக்கிறவள் குரலில். "உன்னைவிட இவ மரியாதையா பேசுறா" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். நானும் சிரிப்பேன், சத்தமில்லாமல்.

சார்ஜர் ஒயர் சொருகும் ஓட்டை ஆடுகிறது. ஒயரை ஒரு பக்கமாக முறுக்கிப் பிடித்தால்தான் ஏறுகிறது. ரிப்பேர் கடைக்குப் போகணும்.

மார்ச் 5, வியாழன்

போனேன். "சொருகி சொருகி எடுக்கிறதுதாங்க பிரச்சனை. இதை ஒரே தடவை சொருகிட்டு அப்படியே விட்டுடுங்க" என்றார் ரிப்பேர்காரர். மெல்லிய அட்டை ஒன்று. அதற்கு ஒரு குட்டி வால். வாலை ஓட்டையில் சொருகி, அட்டையை டேப்பின் முதுகில் ஒட்டி, மேலே உறையைப் போட்டுவிட்டார். இனிமேல் ஒயர் தொல்லை இல்லை. வட்டமான ஒரு தட்டு கொடுத்திருக்கிறார், அதன் மேல் டேப்பை வைத்தால் போதும், தானாக ஏறும்.

"நடுவுல கரெக்டா உட்காரணும். கொஞ்சம் நகர்ந்தாலும் ஏறாது. மெதுவாத்தான் ஏறும், ராத்திரி முழுக்க விட்டுடுங்க."

என்னிடமா சொல்கிறார்! ஊரில் பாதிப் பேருக்கு வண்டி நிறுத்தக் கற்றுக்கொடுத்தவள் நான். வீட்டுக்கு வந்ததும் தட்டை மேஜையில் ஒட்டி, சுற்றிலும் மஞ்சள் ஒட்டுநாடாவால் கோடு போட்டேன், எங்கள் டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் பார்க்கிங்குக்குப் போடுகிற மாதிரியே. டேப்பை ரிவர்ஸில் விட்டேன். வால் சுவர்ப் பக்கம், கேமரா என் பக்கம். ரிவர்ஸில் நிறுத்தாதவளை நான் டிரைவர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன். தட்டில் பச்சை விளக்கு வந்தது.

"லைசென்ஸ் எடுத்துட்டுத்தான் இந்த மேஜைக்கிட்ட வரணும் போல" என்றார் இவர்.

மார்ச் 9, திங்கள்

ஸ்கூல் ஓனர் ஒத்துக்கொண்டுவிட்டார்!! டேப்பில் பெரிய பெரிய பட்டன்களாகச் செய்து வைத்திருந்ததை அமுக்கிக் காட்டினேன். 'பிரேக்.' 'கண்ணாடி பாருங்க.' 'கிளட்சை மெதுவா விடுங்க.' 'ஹாரனை விடுங்க, முன்னாடி போறவருக்கும் அவசரம்தான்.' கடைசி பட்டனுக்கு ஓனர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"டீச்சர், அடுத்த திங்கள் ஒரே ஒரு கிளாஸ் எடுங்க. நான் பின் சீட்ல உட்காந்து பாக்குறேன். சரியா வந்தா உங்க சீட் உங்களுக்குத்தான்."

என் சீட். ஆபரேஷனிலிருந்து வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு இதைவிட என்ன வேண்டும்? இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். "இப்ப என்ன அவசரம்? உடம்பு தேறட்டுமே." முறைத்தேன். "சரி சரி, உன் இஷ்டம்" என்றார்.

மார்ச் 12, வியாழன்

விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். காலையில் எழுந்தால் பாதி கூட ஏறவில்லை. "பேட்டரிக்கு வயசாயிடுச்சு, நம்மள மாதிரி" என்கிறார் இவர்.

மார்ச் 16, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, முதல் முறை ரோட்டுக்கு வருகிறாள். காலையில் சார்ஜ் பாதிதான் இருந்தது. யோசித்துக்கொண்டு நின்றேன். "ஒரு கிளாஸ்தானே, தாராளமா போதும், கிளம்பு" என்று இவர்தான் பையை எடுத்துக் கொடுத்தார். காரிலே தட்டை வைக்கலாம் என்றால் குலுக்கலில் டேப் நகர்ந்துகொண்டே இருக்கும், ஏறாது.

நன்றாகத்தான் போனது. அந்தப் பெண் பயம் தெளிந்து கியர் மாற்ற ஆரம்பித்துவிட்டாள். சந்தை ரோட்டுத் திருப்பத்தில் எதிரே லாரி. பட்டனை அமுக்குகிறேன், திரை கறுப்பு. என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன், வண்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் என்னைப் பார்த்து "சொல்லுங்க மேடம், என்ன பண்ணணும், சொல்லுங்க!" என்று கத்தினாள். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

ஓனர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க டீச்சர்." தன்மையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

வீட்டுக்கு வந்து அழுதேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். டீ போட்டுக் கொடுத்தார். "விடும்மா, போனா போகுது. நான் இருக்கேன்ல?" இந்த மனுஷன் இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன்.

மார்ச் 19, வியாழன்

காலையில் ஒரு விஷயம். டேப் கோட்டுக்குள்தான் இருந்தது, விளக்கும் எரிந்தது. ஆனால் மூக்கு சுவர்ப் பக்கம் இருந்தது. வால் என் பக்கம்.

நான் அப்படி விடவே மாட்டேன். தூக்கத்தில் எழுப்பி விடச் சொன்னாலும் ரிவர்ஸில்தான் விடுவேன்.

இந்த வீட்டில் இருப்பது ரெண்டே பேர். சே, என்ன நினைப்பு இது. தூசி துடைக்க எடுத்திருப்பார்.

மார்ச் 20, வெள்ளி

தூசி இல்லை.

மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தால் கட்டை மாதிரி கிடப்பேன் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கு விடியும்போதே விழிப்பு வந்துவிட்டது. கண்ணை மூடினாற்போல் கிடந்தேன். தோளில் துண்டோடு வந்தார். ராத்திரி நான் தட்டில் விட்ட டேப் ஜன்னல் திட்டில் கிடந்தது. எடுத்தார். துண்டால் திரையைத் துடைத்தார், அவ்வளவு பதமாக, குழந்தை முகம் துடைக்கிற மாதிரி. கொண்டுபோய்த் தட்டில் வைத்தார். விளக்கு வந்ததா என்று குனிந்து பார்த்தார். அப்புறம் டீ போடப் போய்விட்டார்.

டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்கிறார்: "இன்னிக்காவது ஏறியிருக்கா பாரு."

என்ன நெஞ்சழுத்தம்!

டேப்பை எடுத்துத் தட்டினேன். "தினமும் ராத்திரி நீங்கதானே தட்டுலேருந்து எடுத்துடுறீங்க?" அந்தச் செய்திக்காரி அதை வானிலை சொல்வது மாதிரி வாசித்தாள். கோபத்தை எப்படித் தட்டுவது? அதற்கு எந்தப் பட்டன்?

இல்லை என்று அவர் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டார். "எனக்கு பயமா இருந்துச்சு. ஆபரேஷன் அன்னிக்கு நான் வெளியில எப்படி உட்காந்திருந்தேன்னு உனக்குத் தெரியாது. மறுபடி அந்த ரோட்டுல, லாரிக்கு நடுவுல, வாயில்லாம நீ... வேணாம்னு சொன்னா கேப்பியா நீ? நடக்கலைன்னா நீயே விட்டுடுவேன்னு நெனச்சேன்."

தட்டினேன்: "பயமா இருந்தா சொல்ல வேண்டியதுதானே? வாய் போனது எனக்கா, உங்களுக்கா?"

அமுக்கினேன். திரை அணைந்தது. ராத்திரி ஏறியிருந்தால்தானே!

திட்டி முடிக்கக்கூட விடலையே என்னை.

அவர் எதிரே உட்கார்ந்து, நான் என்ன சொல்ல வந்தேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கலாம். காட்ட மாட்டேன். அவருக்கு அது தெரியவே வேண்டாம்.

மார்ச் 21, சனி

அந்த லாரி. எனக்கு பிரேக் எட்டாமப் போயிருந்தா? அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிருந்தா? என்னைக் காப்பாத்துறாராம்! அதுக்கப்புறம் வந்து முதுகைத் தடவுறார். நான் அழறேன், ஏன் அழறேன்னு அவருக்குத் தெரியும், தெரிஞ்சுக்கிட்டே தடவுறார். யாரோ பண்ணியிருந்தா சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். இவர் பண்ணிட்டாரே.

மார்ச் 23, திங்கள்

தட்டை மேஜையிலிருந்து பெயர்த்து எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். ஓனரிடம் காரணம் சொல்லவில்லை. வீட்டில் சார்ஜ் சரியாக ஏறுவதில்லை, டேப் ராத்திரி இங்கேயே இருக்கட்டும், இன்னும் ஒரே ஒரு கிளாஸ் கொடுங்கள் என்று மட்டும் தட்டினேன். ஓனர் என் முகத்தையே பார்த்தார். என்ன தெரிந்ததோ, தன் மேஜையில் இருந்த பைல்களை நகர்த்தி இடம் செய்து கொடுத்தார்.

இவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்காக என் மேலேயே எரிச்சல்.

ஏப்ரல் 2, வியாழன்

என் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். மருந்துக்கடைப் பெண்ணே திரும்பி வந்தாள். ஏறினதும் முதல் கேள்வி: "மேடம், அந்த மேடம் சாப்பிட்டாங்களா?" டேப்பைத்தான் கேட்கிறாள், கழுதை. நிறைய இருந்தது சார்ஜ். சந்தை ரோட்டுத் திருப்பத்தில் 'பிரேக்' சொன்னேன், மிதித்தாள். பின் சீட்டில் ஓனர். இறங்கும்போது சாவியை என் கையில் கொடுத்தார்.

ஏப்ரல் 13, திங்கள்

சாயங்காலம் டேப்பை ஸ்கூல் தட்டில், ரிவர்ஸில் விட்டுவிட்டு வருகிறேன். வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

இவர் தினமும் பேசுகிறார். பக்கத்து வீட்டுக் கதை, குழாய் ஒழுகுவது, பேப்பரில் வந்தது. இத்தனை வருஷமும் வீட்டில் பேசினது நான்தான், அவர் ம் கொட்டுவார். இப்போது ம் கொட்டவும் ஆள் இல்லை. இன்றைக்குக் காலையில், "அதை ஒரு நாளாவது வீட்டுக்குக் கொண்டு வாயேன். நாலு வார்த்தை திட்டிட்டாவது போ" என்றார். குரல் உடைந்திருந்தது. நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் டீ கப் மேஜையில் இருந்தது. மஞ்சள் கோட்டுக்கு நடுவில், தட்டு இருந்த இடத்தில், கைப்பிடி சுவர்ப் பக்கமாக.

ரிவர்ஸில், சரியாகத்தான் விட்டிருக்கிறார். எடுத்துக் குடிக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளாசுக்குக் கிளம்பினேன்.