ஏழு மாடிக்கும் ஒரு விரல்

மார்ச் 2
நாடகக் குழு அண்ணன் மறுபடி போன் செய்தார். "உன் பொண்டாட்டி இறந்துபோறதுக்கு முன்னாடி, அவ எழுதின கவிதையை ஒரே ஆள் பேசுற நாடகமா மாத்தித் தர்றேன்னு சொல்லியிருந்தாப்பா. பதினாறாம் தேதி மேடை. நீயாச்சும் எழுதிக் குடு." லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனிடம் கேட்கிறார். சரி என்றேன். மாட்டேன் என்று சொல்லவும் தெம்பு வேண்டுமே.

மார்ச் 3
இருபத்திரண்டு வரி. வயதான காலத்தில் மகள் பின்னால் வேற்று நாட்டுக்கு வந்த இருவர். அதாவது அவளைப் பெற்ற அத்தையும் மாமாவும். இப்படி ஒரு கவிதை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

மார்ச் 5
ஒன்றும் ஓடவில்லை.

மார்ச் 7
குடியேற்ற அலுவலகம். அவர்கள் இங்கே தங்கியது மகளின் பேரில். மகள் இல்லை, அனுமதியும் இல்லை. இருபதாம் தேதி கிளம்ப வேண்டும். மருமகன் கணக்கில் வரமாட்டானாம். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் நாலு தடவை கேட்டேன். வெளியே வந்ததும் மாமா, "விடுங்க மாப்ளே, அந்தப் பொண்ணு என்ன பண்ணும்" என்றார். என்னைத் தேற்றுகிறார். அவர்.

மார்ச் 9
எழுதியதை அனுப்பினேன். அண்ணன்: "இது நாடகமா, ரிப்பேர் கையேடா? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டிருக்கே. மேடையில பேசுறவ எங்க மூச்சு விடுவா?"

மார்ச் 10
வேறு வழியில்லாமல் அத்தையிடமே வாசித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்தபடி கேட்டார். 'எண் தெரியாத விரல் எல்லா மாடியையும் அழுத்துகிறது' என்ற வரி வந்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"எண்ணு தெரியாதா? முப்பது வருஷம் தபாலாபீஸ்ல முத்திரை குத்தினவ நான். தெரிஞ்சுதான் அழுத்தினேன். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவீங்க. ஏழு மாடியிலயும் கதவு திறந்தா ஒரு முகமாவது தெரியும்ல. மூணாவது மாடி நாய்க்காரர் தலையாட்டுவார். அப்புறம் லிஃப்டு என்னமோ ஆயிருச்சு. அழுத்த அழுத்த எல்லா விளக்கும் அணைஞ்சுபோகும்."

ஒன்றும் ஆகவில்லை. நான்தான். எங்கள் கட்டிட லிஃப்டும் என் பொறுப்புதான். யாரோ எல்லாப் பொத்தானையும் அழுத்துகிறார்கள் என்று போன வருடம் புகார் வந்தது. உள்ளே ஓர் ஆள் எடைதான் இருக்கிறது, ஆனால் மூன்றுக்கு மேற்பட்ட பொத்தான்கள் அழுத்தப்பட்டிருக்கின்றன என்றால் அத்தனையும் ரத்தாகும்படி அமைத்தேன். பதினைந்து நிமிட வேலை.

அத்தையிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

மார்ச் 11
அமைப்பை நீக்கிவிட்டேன். அத்தை லிஃப்ட் பக்கமே போகவில்லை. மூட்டை கட்டுகிறார்.

மார்ச் 13
நாடகத்தில் இப்போது ஒரு அம்மாள் லிஃப்டுக்குள் நின்று பேசுகிறாள், அவ்வளவுதான். 'எண் தெரியாத விரல்' வரியை அடிக்க வேண்டியதாயிற்று. அவள் எழுதிய வரி. அவளைக் கேட்காமல் — யாரைப் போய்க் கேட்பேன்?

மார்ச் 16
நடிகை வெறுங்காற்றில் ஏழு முறை அழுத்தினார். அரங்கம் சிரித்தது. அத்தையும் சிரித்தார். மாமா மெதுவாக, "நம்ம பொண்ணு எழுதினதா?" என்றார். "முக்கால்வாசி என் வாயிலேர்ந்து வந்தது" என்றார் அத்தை.

மார்ச் 20
விமான நிலையத்தில் சொல்லிவிட்டேன், லிஃப்டை அப்படி வைத்தது நான்தான் என்று. அத்தை, "நல்லா வேலை தெரிஞ்சவர்தான் நீங்க" என்றார். என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனார்.

மார்ச் 24
வேலை முடிந்து வந்து ஏழு பொத்தானையும் அழுத்தினேன். எல்லா விளக்கும் எரிந்தன. முதல் மாடியில் யாருமில்லை. இரண்டிலும் இல்லை. மூன்றில் நாய்க்காரர் நின்றிருந்தார். என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, அந்தம்மா எங்கே என்று அவர் மொழியில் கேட்டார். ஊருக்குப் போய்விட்டார்கள் என்றேன். ஐந்து விநாடியில் கதவு மூட வேண்டும். மூடவில்லை. அவர் காலை வைத்துத் தடுத்துக்கொண்டு நின்றார்.