வாளி இடித்த இடம்

அக்காவுக்கு,

தோட்டத்துப் பெண்களுக்கு மார்புச் சோதனை செய்ய நிர்வாகம் நர்ஸை வரவழைக்கிறதாம். ஒழுகும் லயத்து வீடுகளுக்கு ஒரு தகரம் மாற்றாதவர்களுக்கு இப்போது என்ன அக்கறை? தோட்டத்தை விற்கும் முன் நோயாளிகளைக் கழித்துக்கட்டப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்கும் படுகிறது. "காலையில பெரட்டுல ஆளெண்ணுற மாதிரி, வேலை வாங்குற மண்டோரு பேரு கூப்பிடுவாரு, எவ எந்திரிச்சுப் போவா?" என்று நீ கேட்டதும் நியாயம்தான்.

ஆனால் உன்மேலும் எனக்குச் சந்தேகம். போன வாரம் வந்தபோது பார்த்தேன். எப்போதும் வலது தோளில் வாளி தொங்கும் காண்டா கம்பு சுமப்பவள், ரப்பர் பால் வாளிகளை இடது தோளுக்கு மாற்றியிருந்தாய். கேட்டதற்கு, "வாளி இடிச்சிருச்சுடா, சும்மா நோண்டாத லா" என்றாய். நான் பம்பு பழுது பார்க்கிறவன், டாக்டர் இல்லை. இடித்த வீக்கம் ஒரு வாரத்தில் வற்றிவிடும் என்பது எனக்கே தெரியும். உனக்குத் தீபாவளியிலிருந்து இருக்கிறது என்கிறார் அத்தான்.

அந்த நர்ஸிடம் போக வேண்டாம். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டேன். மோட்டார் சைக்கிளில் வருகிறேன், சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

மறுபடியும் வாளி கதையைச் சொல்லாதே. அம்மாவும் கடைசிவரை அதைத்தான் சொன்னாள்.

உன் தம்பி